தாரகை முந்நூறு

எங்கள் தெருவில் ஆறு மணிச் சங்கு ஊதும்போது நான் பெரும்பாலும் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். அன்று திட்டு வாங்கியவர் என் கணவர் தரணீஷ். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, கம்பத்தில் தொங்கும் கம்பியை எடுத்துச் சொருகாமல், எதிர்வீட்டுக்காரரோடு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார். சங்கு ஓய்வதற்குள் சொருகாவிட்டால் அபராதம். அதுகூடப் போகட்டும், தெருமுனைப் பலகையில் வீட்டுப் பெயர் சிவப்பு எழுத்தில் ஓடும். பீளமேட்டில் வால்வு தொழிற்சாலை நடத்துகிற சம்யுக்தாவின் பெயர் அப்படி ஓடலாமா? நானே போய்க் கம்பியை இழுத்து, வண்டியின் இடது விலாவில் இருக்கும் கொடைமுனையில் சொருகினேன். டக்கென்று ஒரு சத்தம் வந்தது. தெரு நெடுக அதே சத்தம் ஒவ்வொரு வாசலிலும் கேட்டது. அதற்குப் பிறகுதான் வீடுகளில் விளக்கு போட்டார்கள்.

பகலில் எங்களுக்கு மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. கூரை, சுவர், சாலையோர வேலி என்று எல்லாமே வெயிலைக் குடித்துக்கொண்டிருக்கும். வெயில் இறங்கிய பிறகுதான் தொல்லை. அடுப்பு, விளக்கு, குளிர்ப்பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் கையை நீட்டும். அதற்கென்று ஊர் ஊராக மின்கலக் கிடங்கு கட்டக் காசில்லாத அரசாங்கம், வாசலில் சும்மா நிற்கும் வண்டிகளையே கிடங்காக்கிவிட்டது. ஆறு முதல் பத்து வரை ஒவ்வொரு வண்டியும் நிற்கும் தெருவுக்குத் தன் மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். இதற்கு மாலைக்கொடை என்று பெயர். கடைசி முப்பது சதவீதத்தை மட்டும் தொட மாட்டார்கள். அது அடியிருப்பு. மறுநாள் காலையில் வேலைக்குப் போவதற்கு.

ஆகவே ஆறு மணிக்கு மேல் விடியும்வரை யாரும் எங்கும் போவதில்லை. பேருந்து நின்ற இடத்தில் நிற்கும், ரயில் அடுத்த நிலையத்தில் நிற்கும், ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் மட்டும் ஓடும். வெளியூரில் மாட்டிக்கொண்டால் வண்டியை எந்தத் தெருவில் சொருகினீர்களோ அந்தத் தெருவுக்கு நீங்கள் விருந்தாளி. அந்தத் தெருவில் முதலில் உங்களைப் பார்க்கும் வீடு சோறு போட வேண்டும். இப்படி மாட்டி, சாப்பிட்டு, பெண் கொடுத்துச் சம்பந்தியானவர்கள்கூட உண்டு. இந்த ஏற்பாட்டை மெச்சாத ஆள் ஊரில் நான் ஒருத்திதான் என்று தரணீஷ் சொல்வார். எனக்கு யார் வீட்டிலும் உட்கார்ந்து ரசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லப் பிடிக்காது. வேலை முடிந்தால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளிடம்தான் மெர்வின் வந்து சேர்ந்தான். தூத்துக்குடிப் பையன், தாரகை வண்டிகளின் விற்பனையாளன், பேச்சில் தேன் தடவுவான். சாதாத் தாரகையை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். அவன் கொண்டுவந்தது வேறு. 'தாரகை முந்நூறு.' நாடு முழுவதற்கும் முந்நூறு வண்டிதான், அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்ய மாட்டார்களாம். மயில் கழுத்து நிறம், வெண்ணெய் நிறத் தோல் இருக்கை, கதவோரத்தில் உங்கள் வண்டி எத்தனையாவது என்று பொறித்த பித்தளைத் தகடு. விலை, சாதாவைவிடப் பதினெட்டு லட்சம் கூடுதல்.

"ஏப்பா, பெயிண்டுக்கு ஒரு லட்சம், சீட்டுக்கு ரெண்டு லட்சம் போட்டுக்கலாம். மோட்டாரும் அதேதான். மிச்சம் பதினஞ்சு எதுக்கு?" என்று கேட்டேன்.

மெர்வின் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மாலை விலக்கு மேடம். இந்த வண்டி சொருக வேண்டாம். முந்நூறு வண்டிக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்காங்க. ராத்திரி ஏழு மணிக்கு நீங்க சென்னைக்குக் கிளம்பினாலும் யாரும் கேட்க முடியாது."

அவன் போன பிறகு சாப்பாட்டு மேசையில் கச்சேரி ஆரம்பித்தது. தரணீஷ் நிதானமான மனிதர். நிதானமாகவே என் கழுத்தை அறுப்பார்.

"பதினெட்டு லட்சங்கறது சாதா வண்டி பாதி விலை. ஆறு மணிக்கு மேல நீ எங்க போகோணும்?"

"கரூருக்குங்க. வேற எங்க?"

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். கரூரில் எங்கள் மகள் பொழில் எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நாங்களும் வளைகாப்பு முடித்து அழைத்துவரத் தயாராக இருந்தோம். ரத்த அழுத்தம் ஏறி இறங்குகிறது, நூற்று முப்பது கிலோமீட்டர் பயணம் வேண்டாம் என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதற்கப்புறம் பொழில் போனில் ஒருநாள் கேட்டாள், நீ இங்கே வந்து இருந்துவிடேன் அம்மா என்று. அப்போதுதான் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைக்கு நாலாயிரம் வால்வு ஆர்டர் கையில் வந்திருந்தது. நீ கூப்பிட்டதும் வந்துவிடுகிறேன் கண்ணு என்று சொல்லியிருந்தேன். சொன்ன பிறகுதான் ஆறு மணி நினைவுக்கு வந்தது. பிள்ளைப்பேறு சங்கு ஊதுவதைப் பார்த்தா வரும்?

"ஏழு மணிக்கு வலி வந்தா, கம்பியச் சொருகிப்போட்டு இங்க உக்காந்து நகத்தைக் கடிக்கச் சொல்றீங்களா?" என்றேன். "எனக்கு அந்த வண்டியோட தோல் சீட்டு வேண்டாமுங்க. ஏழு மணி வேணும். அதுக்குப் பதினஞ்சு லட்சம் தாராளமாக் குடுக்கலாம்."

"அதுக்கு இப்பவே போயி அவகூட இருந்துக்கலாமே, சம்யு. ஆலைய நான் பாத்துக்கறேன்."

"நீங்க பாத்துக்கற லட்சணம் எனக்குத் தெரியாதா? போன வருசம் உங்க கையில விட்டு நட்டமானதைப் பாத்தமே."

அவர் சிரித்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று நானும் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். மறுநாள் மெர்வினை அழைத்து, மூன்று நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். நான் கேட்டதும் வண்டியை அனுப்பிவைத்தான்.

அந்த வாரம் முழுக்க வங்காள விரிகுடாவில் ஒரு புயல் சின்னம் படுத்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. நாலு நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை. தெருக்களில் மாலைக்கொடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் வற்றியது. எட்டரைக்கே விளக்கைக் குறைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. வண்டி வந்த இரண்டாம் நாள், சங்கு ஊதும் நேரம், ஆலை வாசலில் எல்லோரும் கம்பியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது மருமகன் ஆதன் கூப்பிட்டார்.

"அத்தை, பொழிலுக்கு வலி வந்துருச்சுங்க. அஞ்சு வாரம் இருக்குதுன்னாங்க, ஆனா வந்துருச்சு. தெரு ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க காலைல வந்தாப் போதும், பயப்படாதீங்க."

"காலைலயா? இதா, கெளம்பியாச்சு."

தரணீஷுக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு ஏறி, கரூர் என்று வண்டிக்குச் சொன்னேன். சங்கு முழங்கிக்கொண்டிருக்கும்போதே தாரகை முந்நூறு வாசலைத் தாண்டியது. காவலாளி கையை உயர்த்தி நிறுத்தப் பார்த்தவர், பித்தளைத் தகட்டைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

ஆறு மணிக்கு மேல் சாலை எப்படி இருக்கும் என்று நான் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தேன். சூலூர் தாண்டியதும் முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி கிடையாது. பல்லடத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசையாகச் சொருகி நிற்க, மழைக்குத் தகரப் பந்தல் போட்டு விருந்தாளிகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என் வண்டி போவதைக் கேட்டு எல்லாத் தலைகளும் திரும்பின. காங்கேயத்தில் ஒரு பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார், ஆம்புலன்ஸ் என்று நினைத்து. எனக்குப் பெருமையாக இருந்தது. மகள் வலியில் இருக்கும்போது பெருமைப்படலாமா என்றால், பட்டேன். சட்டம் போட்டவனும், எதற்கும் பொறுத்துக்கொள் என்று சொன்னவனும், தரணீஷும் எல்லாம் அந்தத் தகரப் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருப்பது மாதிரியும் நான் மட்டும் போய்க்கொண்டிருப்பது மாதிரியும் இருந்தது. வெள்ளகோவில் வருவதற்குள் வண்டியை வாங்குவதென்று மனதில் கையெழுத்தே போட்டுவிட்டேன்.

பொழில் இருக்கும் தெருவுக்குள் நுழைந்தபோது மழை வலுத்திருந்தது. இரண்டு வரிசையாக வண்டிகள் நின்றன. நடுவில் இடம் கிடைத்த ஒரு கம்பத்தடியில் என்னுடையது நின்றது. எதிரே பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்த ஓர் அம்மா, குடையோடு என்னை நோக்கி வந்தார். வயது என் வயதுதான் இருக்கும்.

"வாங்க, வாங்க. எந்தக் கம்பத்துல சொருகியிருக்கீங்க? சாப்பாடு சூடா இருக்குதுங்க."

யாருக்கும் சோறு போடுவதற்கு முன் கேட்கும் கேள்விதான் அது. தெருவுக்குக் கொடுத்தவருக்குத் தெரு கொடுக்கும். சொருகவில்லை என்று சொன்னேன். அவர் என் வண்டியைப் பார்த்தார், கம்பத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு, சரிங்க, பாத்துப் போங்க, என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினார். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. என்னை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

தெருக்கோடியில் இருந்தது ஆசுபத்திரி. நாலு படுக்கை, ஒரு அறுவை அறை. பொழில் இடதுபக்கமாகப் படுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "எப்படிம்மா வந்த?" என்று கேட்டாள். முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்தவள் விடவில்லை. அந்தப் பிடியில் என் பதினெட்டு லட்சமும் வசூலாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் மதிவதனி என்னையும் ஆதனையும் வெளியே கூப்பிட்டார். சின்ன வயசு, சுற்றி வளைக்காத பேச்சு.

"பிரஷர் எறங்கவே மாட்டேங்குது. இப்பவே ஆபரேஷன் பண்ணிக் குழந்தைய எடுத்தாகணும். ஆம்புலன்சுல ஏத்திப் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்புற நெலமையில அவங்க இல்ல. என்னால இங்கயே பண்ண முடியும். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. கரண்டுதான் பிரச்சினை."

"ஏன், ஆசுபத்திரிக்குத் தனியா இருக்குமே?"

"இருந்துச்சு. நாலு நாள் மழைல அதுவும் தீந்துபோச்சு. தெருவுலருந்துதான் ஓடுது. தெரு வண்டிகள்ல கொடை இன்னும் ஒரு மணி நேரத்துல அடியிருப்புக்கு வந்துரும். ஆபரேஷன முடிச்சுருவேன். ஆனா அஞ்சு வாரம் முந்திப் பொறக்குற குழந்தைக்கு விடியற வரைக்கும் கதகதப்புப் பெட்டி வேணும். மூச்சுக் கருவி வேணும். நீங்க விரல் கேட்டு வந்தீங்கன்னா நான் உள்ள ஆரம்பிச்சுருவேன்."

விரல் கேட்பது என்றால், அடியிருப்பைக் கேட்பது. அந்த முப்பது சதவீதத்தைத் திறக்க வண்டிக்காரர் தானே வந்து கதவில் பெருவிரலை வைக்க வேண்டும், வேறு யாராலும் முடியாது. கொடுத்துவிட்டால் மறுநாள் வண்டி நகராது. அதனால் விரல் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் கேட்பவர் தன் வண்டியில் விரல் வைக்க வேண்டும். பிறகுதான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாம்.

"என்ற வண்டில ஏற்கெனவே வெச்சுட்டேன்," என்றார் ஆதன். "நான் போயி ஒவ்வொரு வீடாக் கேக்கறேன்."

"எதுக்கு?" என்றேன். எனக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது. "நீங்க உள்ள போயி அவகூட இருங்க மாப்பிள்ளை. யாரையும் கேக்க வேண்டியதில்ல. என்ற வண்டில அறுபது சதவீதத்துக்கு மேல கெடக்குது. பெரிய மின்கலம். ஒரு குழந்தைக்கு என்ன, ஒன்பது குழந்தைக்குக் காணும்."

டாக்டரின் முகம் தெளிந்தது. நான் மழையில் இறங்கி நடந்தேன். கம்பத்தில் தொங்கிய கம்பியை இழுத்து, வழக்கம்போல வண்டியின் இடது விலாவில் கையை வைத்தேன். வழவழவென்று இருந்தது. இருட்டில் இடம் தவறிவிட்டது என்று மேலும் கீழும் தடவினேன். வலது பக்கம் போனேன். முன்னால், பின்னால், குனிந்து அடியில் எல்லாம் பார்த்தேன். வண்டிக்குள் மின்சாரம் ஏற்றும் முனை பின்பக்கம் இருந்தது. வெளியே கொடுக்கும் முனை எங்கும் இல்லை. மாலைதோறும் கை தன்னால் போய்ச் சொருகிப் பழகிய எனக்கு, முனை இல்லாமல் ஒரு வண்டி இருக்கும் என்று தோன்றவே இல்லை. சொருக வேண்டாம் என்று அவன் சொன்னபோது, வேண்டுமானால் சொருகலாம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மெர்வினைக் கூப்பிட்டேன்.

"மெர்வின், கொடைமுனை எங்க இருக்குது?"

"எதுல மேடம்?"

"உங்க முந்நூறுல."

"அதுல கிடையாது மேடம். அதுதானே விசேஷம். முனை இருந்தா சட்டப்படி சொருகணும். முனையே இல்லைன்னா கேட்க முடியாதுல்ல? அதான் கம்பெனி அதை எடுத்துட்டாங்க. ஏன் மேடம், ஏதும் பிரச்சினையா?"

போனை வைத்துவிட்டேன். நான் வால்வு செய்கிறவள். ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு எங்கள் ஆலையில் நாளுக்கு நூற்றுக்கணக்கில் ஓடும், அதில் தண்ணீர் உள்ளே வரும், திரும்பிப் போகாது. அதைச் செய்வதற்கு வேலைப்பாடு உண்டு, விலையும் உண்டு. இங்கே ஒரு சாமானைக் கழற்றி எடுத்ததற்கு என்னிடம் பதினைந்து லட்சம் கேட்கிறார்கள். நான் அதைச் சந்தோஷமாகக் கொடுக்க இருந்தேன். ஒரு தெருவே விடியும்வரை தாங்கக்கூடிய மின்சாரம் என் கைக்குக் கீழே இருந்தது, அதில் ஒரு சொட்டுக்கூட வெளியே எடுக்க வழியில்லை.

மெல்ல நடந்து பந்தலுக்குப் போனேன். முதல் விரல் என்னுடையதாக இருக்க வேண்டும், என்னிடம் வைக்க இடமில்லை. வாழ்க்கையில் யாரிடமும் கையேந்தாதவள் நான், அந்த இறுமாப்பு எனக்கு நிறையவே உண்டு. இருந்தும் கேட்டேன்.

"நான் சொருகலைங்க. என்ற வண்டில முனை இல்லைங்க. கேக்கறதுக்கு எனக்கு ரைட்டு இல்ல. ஆனா தெருக்கோடி ஆசுபத்திரில கெடக்கறது என்ற மக. குழந்தைக்கு விடியற வரைக்கும் கரண்டு வேணுமாம். பேரு பொழில்."

குடைக்கார அம்மா கரண்டியை அப்படியே அண்டாவில் போட்டார்.

"பொழிலோட அம்மாவா நீங்க? அதை வந்ததும் சொல்லக்கூடாதுங்களா? நான் ரிஸ்வானா, பக்கத்து வீடு. தெனமும் சாயந்தரம் என்ற வீட்டுலதான அவ காப்பி குடிப்பா." சொல்லிக்கொண்டே தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டு மழையில் இறங்கி, தன் வண்டிக் கதவில் விரலை வைத்தார். பிறகு திரும்பி, தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கரூர் ஜங்ஷன்வரை கேட்டிருக்கும். "பொழிலுக்கு விரல் வேணும். எல்லாரும் வாங்க."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி ஒரு பெண் வந்தாள். நாளைக்குத் திருச்சியில் என் பையனுக்கு இன்டர்வியூ என்று முனகிக்கொண்டே ஒரு மனிதர் வந்தார், முனகி முடிப்பதற்குள் விரலை வைத்துவிட்டார். பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாமக்கல் முட்டை வியாபாரி ஒருவர், எச்சில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். செங்கோடன் என்று பெயர். முட்டை ஏற்றிய குளிர்வண்டியோடு அங்கே மாட்டிக்கொண்டவர்.

"விருந்தாளி விரல் வெக்க வேண்டாமுங்க," என்றார் ரிஸ்வானா.

"தெரியுமுங்க. முட்டை ஒரு ராத்திரி தாங்கும், கொழந்தை தாங்குமா?" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியைத் தேடிப் போனார்.

தெருமுனைப் பலகையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. பச்சை எழுத்தில். ஆசுபத்திரிச் சன்னல் விளக்கு மங்கத் தொடங்கியிருந்தது, மறுபடியும் வெளுத்தது. நான் உள்ளே ஓடினேன். பொழிலை அறுவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் ஒரு நிமிடம் அவள் நெற்றியில் கை வைக்க முடிந்தது. அந்த வண்டி இல்லாவிட்டால் அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைத்திருக்காது. வண்டியைத் திட்டும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவந்துபோய், முஷ்டியை மடக்கிக்கொண்டு, என்னைப் போலவே யாரையோ திட்டுகிற முகத்தோடு கிடந்தாள். ஆதன் சுவரில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். டாக்டர் மதிவதனி எங்களைப் பார்த்துவிட்டு, முதலில் ஏதாவது சாப்பிடுங்கள் என்றார். ரிஸ்வானா ஏற்கெனவே தூக்குப்பாத்திரத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எந்தக் கம்பம் என்று கேட்கவில்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. தெரு முழுக்க வண்டிகள் செத்துக் கிடந்தன. மதியம் கொஞ்சம் வெயில் வந்தால்தான் அவை அசையும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையோடு வாசலில் நின்றார்கள், ஓடுகிற வண்டி அந்தத் தெருவிலேயே ஒன்றுதான் இருந்தது. மயில் கழுத்து நிறத்தில்.

அன்று காலை தாரகை முந்நூறு செய்த வேலையை அதைச் செய்தவர்கள் நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டேன். இன்டர்வியூ பையனைச் சட்டை கசங்காமல் ரயில் நிலையத்தில் இறக்கினேன். ஜவுளி ஆலைப் பெண்கள் ஆறு பேர் நாலு பேர் இருக்கையில் உட்கார்ந்து, தோல் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கடைசியில் செங்கோடனையும் அவருடைய முட்டை அட்டைகளையும் கூரைவரை அடுக்கிக்கொண்டு நாமக்கல் போனேன். மோகனூர்ப் பாலத்து மேட்டில் ஓர் அட்டை சரிந்தது. வெண்ணெய் நிற இருக்கையில் மஞ்சள் கரு வழிந்தது. செங்கோடன் பதறிப்போய்த் துண்டால் துடைக்கப் பார்த்தார். விடுங்க அண்ணா, அதுக்கு ரெண்டு லட்சந்தான், என்றேன்.

திரும்பி வரும் வழியில் மெர்வின் கூப்பிட்டான். "மேடம், மூணு நாள் இன்னிக்கு முடியுது. முடிவு பண்ணிட்டீங்களா? இன்னும் நாலு வண்டிதான் பாக்கி இருக்கு."

"பண்ணிட்டேன். எடுத்துக்கறேன். ஆனா ஒரு கொடைமுனை வெச்சுக் குடுக்கோணும்."

"அது வெச்சா விலக்கு போயிரும் மேடம். அப்புறம் அது சாதாத் தாரகைதான். பதினெட்டு லட்சம் கம்மி."

"அப்ப அதையே அனுப்பு. நெறம் எதுவா இருந்தாலும் சரி. உன்ற வண்டில முட்டை கொட்டியிருக்குது, கழுவற கூலிய என்ற கணக்குல போட்டுக்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் வைத்துவிட்டேன். ஆசுபத்திரிக்குப் போனபோது பொழில் எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீக்கம் வடிந்து முகம் அவள் முகமாகியிருந்தது. பெட்டிக்குள் இருந்த தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். முனை தேடிய கதையைக் கேட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"அப்ப வாங்கலையா?"

"வாங்கல கண்ணு. சாதாதான். இதுல ஒண்ணு இருக்குது, மறைக்காம சொல்லிப்போடறேன். அடுத்த தடவை நீ ஏழு மணிக்குக் கூப்பிட்டா என்னால ஓடி வர முடியாது. விடிஞ்சாத்தான்."

இதைச் சொல்லும்போது என் குரல் கம்மிவிட்டது. ஆலையில் யாரும் கேட்டிராத குரல் அது. பொழில் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"நான் உன்னைய ஓடி வரச் சொல்லவே இல்லையேம்மா. வந்து இருன்னுதான சொன்னேன்."

இருபத்தெட்டு வயதுப் பெண், ஒரு மாதம் முன்னால் வாய்விட்டுக் கேட்டது. அதைக் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு, நான் கடைகடையாக வண்டி பார்த்திருக்கிறேன். இந்த உலகத்தில் யாராலும் நினைத்த நேரத்தில் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் வேண்டியவர்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். ரிஸ்வானா தினமும் காப்பி போடுகிறார். நான் ஒருத்திதான் வருகிற வேகத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து தரணீஷைக் கூப்பிட்டேன். பேத்தியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு அவருக்குத் தீரவில்லை. காலையில் அழைத்து மூன்று தடவை சொன்னதையே நானும் திரும்பச் சொன்னேன்.

"ஆலைய மூணு மாசத்துக்கு நீங்களே பாத்துக்கோங்க," என்றேன் கடைசியில்.

"நானா? போன வருசம்..."

"போன வருசத்தை விடுங்க. நட்டமாப் போனாலும் போகட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

அவர் மெல்லக் கேட்டார். "அந்த மெர்வின் வண்டி?"

"அது வேண்டாம்னு சொல்லியாச்சு. சாதாவே வாங்கியாச்சுங்க. நாளைக்கு நேரா கரூருக்கே கொண்டாந்து விடச் சொல்லியிருக்கேன்."

"முந்நூறுதான் வேணும், வேகமாப் போகோணும்னு ஒத்தைக் கால்ல நின்னியே."

"நான் எங்கயும் போகலைங்க. வண்டி இந்தத் தெருவுல சொருகி நின்னுதான கெடக்கப் போகுது," என்றேன்.